செர்னோபில் சீரிஸும் 'கரண்ட்' வெச்சுக்கிட்ட அம்மாவும் - ஒரு நீள த்ரெட்

"டாக்டர், நீங்க எந்த மெடிக்கல் சீரிஸ் பாப்பீங்க?"

இன்பாக்ஸ்ல மாசத்துக்கு நாலு பேராவது கேக்குற கேள்வி இது. நீட்டுக்குப் படிக்கிற பசங்க, நர்சிங் படிக்கிற தங்கச்சிங்க, சில சமயம் அவங்க அப்பா அம்மா. தனித்தனியா பதில் போட்டு முடியல. அதனால இங்கயே எழுதிடறேன் மக்களே. கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு உக்காருங்க.

உண்மையச் சொன்னா ஆஸ்பத்திரி சீரிஸ் எனக்கு ஒட்டவே ஒட்டாது. 24 மணி நேர டூட்டி முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் ஸ்டெதாஸ்கோப்பையே பாக்கணுமா? இருந்தாலும் ஒரு விஷயம் மட்டும் ஆர்வமா தேடிப் படிப்பேன். அந்த ஆஸ்பத்திரி நிஜத்துல எங்க இருக்குங்கிறதுதான் அது.

'ஹவுஸ்' பாத்திருப்பீங்க. கதை நடக்கிற ஆஸ்பத்திரி அமெரிக்காவோட கிழக்குக் கரையில, நியூஜெர்சியில. மேலேருந்து காட்டுற அந்தக் கட்டடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோட மாணவர் மையம். உள்ள நடக்கிறதெல்லாம் நாட்டோட இன்னொரு கோடியில, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவுல. 'கிரேஸ் அனாடமி' கதை சியாட்டிலில், ஷூட்டிங் அதே லாஸ் ஏஞ்சலஸ்ல. 'தி குட் டாக்டர்' கதை கலிபோர்னியாவுல சான் ஹோசேங்கிற ஊர்ல. ஆனா ஆஸ்பத்திரின்னு காட்டுற கட்டடம் கனடாவுல சர்ரேங்கிற ஊரோட நகராட்சி அலுவலகம். வீட்டு வரி கட்டப் போற இடத்துல மூளை ஆபரேஷன்!

இதுல எனக்குப் பிடிச்சது 'மேஷ்'. கொரியப் போர்ல காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பாக்குற கூடார ஆஸ்பத்திரிதான் கதை. கொரியப் போர் நடந்தது 3 வருஷம். சீரிஸ் ஓடினது 1972லேருந்து 1983 வரைக்கும் 11 வருஷம். அந்தக் கொரிய மலையெல்லாம் கலிபோர்னியாவுல மாலிபு பக்கத்துக் குன்றுகள். 1982 அக்டோபர்ல அங்க காட்டுத்தீ வந்து வெளிப்புற செட்டு எரிஞ்சுபோச்சு. அவங்க அதுக்கெல்லாம் அசரல. கதையிலயும் தீ வந்த மாதிரி எழுதி, கடைசி எபிசோடுல சேத்துட்டாங்க.

இதெல்லாம் சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது இன்னொரு சீரிஸைப் பத்தி. அது மெடிக்கல் சீரிஸே கிடையாது. ஆனா எங்க ஓ.பி. மேசை வரைக்கும் வந்துடுச்சு.

'செர்னோபில்'. 2019 மே, ஜூன்ல வந்த 5 எபிசோடு. எச்.பி.ஓ.வும் ஸ்கையும் சேந்து எடுத்தது, எழுதினவர் கிரெய்க் மேசின், இயக்கினவர் யோஹன் ரெங்க். அந்த வருஷம் 10 எம்மி விருது வாங்குச்சு. நம்ம ஊர்ல ஹாட்ஸ்டார்ல பாத்தோம். 1986 ஏப்ரல் 26 ராத்திரி 1 மணி 23 நிமிஷத்துக்கு சோவியத் உக்ரைன்ல செர்னோபில் அணுமின் நிலையத்தோட நாலாவது உலை வெடிச்ச கதை.

நான் ரெண்டு நாள்ல பாத்து முடிச்சேன். அந்த ஊரு, அந்த அடுக்குமாடி வீடுங்க, வாசல்ல விளையாடுற குழந்தைங்க, மேல விழுற சாம்பல். பாத்து முடிச்சதும் கூகுள் மேப்ல அந்த ஊரைத் தேடினேன். அப்பதான் தெரிஞ்சது, நான் பாத்தது உக்ரைனே இல்ல. பெரும்பாலும் லிதுவேனியா.

ஏன் அங்க எடுக்கலன்னா, அங்க எடுக்க ஊர் இல்ல. மின்நிலைய ஊழியர்களுக்காக 1970ல உருவான நகரம் ப்ரிப்யாத். கிட்டத்தட்ட 49,000 பேர் இருந்தாங்க. வெடிச்சது சனிக்கிழமை அதிகாலை. ஞாயித்துக்கிழமை மதியம்தான் பஸ்ல ஏத்திக் காலி பண்ணாங்க. அதுக்கப்புறம் யாரும் திரும்பக் குடி போகல. 30 வருஷத்துல தெருவெல்லாம் மரம் முளைச்சு காடாயிடுச்சு, ஜன்னல் இல்ல, கூரை ஒழுகுது. பாழடைஞ்ச ஊரைக் காட்டணும்னா அங்க போலாம். வெடிக்கிறதுக்கு முந்தின நாள், துணி காயப்போட்டு, சைக்கிள் விட்டுக்கிட்டு இருந்த ஊரைக் காட்டணும்னா அதே காலத்துல கட்டின, இன்னும் ஜனங்க வாழற வேற ஊர்தான் வேணும்.

அப்படிக் கிடைச்சதுதான் லிதுவேனியா தலைநகர் வில்னியஸ்ல ஃபாபியோனிஷ்கெஸ்ங்கிற குடியிருப்புப் பகுதி. 1980கள்ல சோவியத் ஆட்சி கட்டின வரிசை வரிசையான கான்கிரீட் பெட்டி வீடுங்க. நம்ம வீட்டு வசதி வாரிய குடியிருப்பு மாதிரின்னு வெச்சுக்கங்களேன், ஒரே அச்சுல வார்த்தது. இயக்குநருக்கு ஒரே தலைவலி ஜன்னல்தான். 2018ல ஷூட்டிங் போனப்ப ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவங்கவங்க வசதிக்கு விதவிதமா புது ஜன்னல் போட்டிருந்தாங்க. அதை எடிட்டிங்ல சரி பண்ணிக்கிட்டாங்க.

மின்நிலையத்துக்கு வெளிப்புறக் காட்சி எடுத்த இடம் இன்னும் சுவாரசியம். லிதுவேனியாவோட கிழக்கு எல்லையில இக்னலினா அணுமின் நிலையம். செர்னோபில்ல இருந்த அதே ஆர்.பி.எம்.கே. வகை உலை, இன்னும் பெரிய சைஸ். சோவியத் காலத்துலயே கட்டினது. ஐரோப்பிய ஒன்றியத்துல சேரணும்னா இதை மூடணும்னு நிபந்தனை. 2004 கடைசியில முதல் உலையையும், 2009 கடைசியில ரெண்டாவதையும் மூடிட்டாங்க. நாட்டோட கரண்ட்ல பெரும்பகுதி அங்கேருந்துதான் வந்துக்கிட்டிருந்தது. இப்ப மெதுவா பிரிச்சு எடுத்துக்கிட்டு இருக்காங்க. பின்னணி இசை போட்ட ஹில்தூர் குட்னடாட்டிர் அந்தக் கட்டடத்துக்குள்ள போய், கதவு, பைப்பு, பம்ப் அறை சத்தத்தையெல்லாம் ரெக்கார்ட் பண்ணிட்டு வந்து அதுலேருந்துதான் இசையை உருவாக்கினாங்க. உங்களுக்கு அடிவயித்துல ஒரு மாதிரி பண்ணிச்சே, அந்தச் சத்தம் நிஜ அணு உலைக் கட்டடத்தோட சத்தம்.

அடுத்து சொல்றதைக் கவனமா படிங்க. கடைசி எபிசோடுல கோர்ட் சீன் ஞாபகம் இருக்கா? உலையை நிறுத்துறதுக்குன்னு இருக்கிற பட்டனை அமுக்கினதுதான் கடைசியில வெடிக்க வெச்சதுன்னு விளக்குவாங்க. கட்டுப்பாட்டுத் தண்டுகளோட முனையில கிராஃபைட். தண்டு உள்ள இறங்கும்போது முதல் சில நொடி வினையைக் குறைக்காம அதிகப்படுத்தும். பிரேக் மிதிச்சா முதல்ல வண்டி சீறுற மாதிரி. இந்தக் கோளாறை எங்க நேரடியா அளந்து பாத்தாங்க தெரியுமா? 1983ல, இதே இக்னலினாவுல, முதல் உலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி நடந்த சோதனையில. வடிவமைச்சவங்களுக்குத் தகவல் போச்சு. சரி பண்ணல. ரெண்டரை வருஷம் கழிச்சு செர்னோபில் வெடிச்சது.

ஆக 'வேற இடத்துல எடுத்தது'ன்னு நாம சொல்ற அந்த இடம், அதே தப்போட இன்னொரு சாட்சி. 1986க்கு அப்புறம் லிதுவேனியாவுலேருந்து ஆயிரக்கணக்கான ஆம்பளைங்களை செர்னோபில் சுத்தம் பண்ண அனுப்பினாங்க. 1988 செப்டம்பர்ல ஜனங்க இக்னலினாவைச் சுத்திக் கைகோத்து நின்னு போராடினாங்க. அங்க கட்டிக்கிட்டிருந்த மூணாவது உலை பாதியிலயே நின்னுபோச்சு. அணு உலை எதிர்ப்பும் சுதந்திரப் போராட்டமும் அந்த ஊர்ல ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பிணைஞ்சது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 1990 மார்ச் 11 சோவியத்துலேருந்து பிரிஞ்சுட்டோம்னு முதல்ல அறிவிச்ச குடியரசு லிதுவேனியா. 1991 ஜனவரி 13ல வில்னியஸ் டிவி கோபுரத்தைக் காப்பாத்த நின்ன ஜனங்க மேல சோவியத் ராணுவம் பாய்ஞ்சு 14 பேர் செத்தாங்க. அப்படி உயிரைக் கொடுத்து வெளிய வந்த நாடு, இப்ப டிவியில எந்த வேஷம் போடுது? ரஷ்யா வேஷம்! பி.பி.சி.யோட 'போரும் அமைதியும்' கொஞ்சம் அங்க எடுத்தது, 'கேத்தரின் தி கிரேட்' கொஞ்சம் அங்க எடுத்தது, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீசன்ல வர்ற ரஷ்ய சிறை வில்னியஸ்ல மூடிக்கிடந்த லுகிஷ்கெஸ் ஜெயில். படம் எடுக்க வர்றவங்களுக்கு 2014லேருந்து வரிச்சலுகை வேற கொடுக்கிறாங்க. வேண்டாம்னு தூக்கிப்போட்ட பழைய சட்டையை, வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிற சாமர்த்தியம். நான் இதைக் கேலியா சொல்லல. எனக்கு அந்த ஊர்க்காரங்க மேல மரியாதைதான் வருது.

சரி, டாக்டர் வேலைக்கு வரேன்.

சுவர், வால்பேப்பர், டெலிபோன், நர்ஸோட தொப்பி வரைக்கும் அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தவங்க, மருத்துவத்தை எப்படி எடுத்தாங்க? பாதி ரொம்ப அருமை. இன்னொரு பாதியாலதான் எனக்கு வேலை வந்துச்சு.

அருமையான பாதி: தீவிர கதிர்வீச்சு நோயோட வரிசை. அதிக டோஸ் வாங்கினவங்களுக்கு முதல்ல வாந்தி வரும். எவ்வளவு சீக்கிரம் வாந்தி வருதோ அவ்வளவு அதிக டோஸ்னு அர்த்தம். அப்புறம் சில நாள், சில சமயம் சில வாரம், நல்லா ஆன மாதிரி தெரியும். அந்தத் தீயணைப்பு வீரர்கள் மாஸ்கோ 6ஆம் எண் ஆஸ்பத்திரியில சிரிச்சுப் பேசி சீட்டு விளையாடுவாங்களே, அந்த சீன் நூத்துக்கு நூறு சரி. வெளிய தெரியாம உள்ள எலும்பு மஜ்ஜை செத்துக்கிட்டு இருக்கும். ஏற்கெனவே இருக்கிற ரத்த அணுக்கள் தீர்ற வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. அப்புறம் வெள்ளணு இல்ல, தட்டணு இல்ல, குடல் சவ்வு உரியும், தொற்று வரும், ரத்தம் கசியும். அந்த வார்டைப் பாத்துக்கிட்ட ஏஞ்சலினா குஸ்கோவாங்கிற அம்மா, சோவியத் அணு ஆலைத் தொழிலாளர்களுக்கு வருஷக்கணக்கா வைத்தியம் பாத்து அனுபவப்பட்டவங்க. 134 பேருக்கு இந்த நோய் உறுதியாச்சு. அதுல 28 பேர் அந்த வருஷமே இறந்துட்டாங்க.

இன்னொரு சீனும் சரி. ப்ரிப்யாத் ஆஸ்பத்திரியில நர்ஸுங்க தீயணைப்பு வீரர்களோட உடுப்பைக் கழட்டி அடித்தளத்துல கொண்டுபோய்ப் போடுவாங்க. அந்தத் துணி நிஜமாவே பல வருஷமா அங்கயேதான் கிடந்தது, கிட்டப் போனா மீட்டர் கத்தும்.

அடுத்து தப்பான பாதி.

ஒரு தீயணைப்பு வீரரோட மனைவி, லியுட்மிலா இக்னதென்கோ. நிஜ மனுஷி. ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் புத்தகத்துல அவங்க வாக்குமூலம் இருக்கு. கர்ப்பமா இருந்தாங்க, அதை மறைச்சுட்டு மாஸ்கோ போய்க் கணவர் பக்கத்துலயே இருந்தாங்க. அவர் இறந்துட்டார். அப்புறம் பிறந்த குழந்தையும் சில மணி நேரத்துல இறந்துடுச்சு. சீரிஸ்ல நாலாவது எபிசோடு கடைசியில ஒரு அணு விஞ்ஞானி கதாபாத்திரம் சொல்லும்: அம்மாவைக் கொல்ல வேண்டிய கதிர்வீச்சைக் குழந்தை உறிஞ்சிக்கிட்டதுன்னு.

கேக்கும்போது நெஞ்சு அடைக்குது. ஆனா உடம்புல அப்படி ஒரு வழியே கிடையாது. கருவுல இருக்கிற குழந்தை ஸ்பாஞ்ச் இல்ல. அம்மா வாங்கின கதிர்வீச்சை அது இழுத்து வெச்சுக்கிட்டு அம்மாவைக் காப்பாத்தாது. உடுப்பைக் கழட்டிக் குளிப்பாட்டின நோயாளி, பக்கத்துல உக்காந்திருக்கிற மனைவியையோ கருவையோ கொல்லும் அளவுக்கு கதிர் வீசவும் மாட்டார். சோகத்துல இருந்த ஒரு பொண்ணுகிட்ட அன்னிக்கு யாரோ சொன்ன ஆறுதலை அவங்க நம்பினாங்க, அதைச் சொன்னாங்க. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா சீரிஸ் அதை விஞ்ஞானி வாயில வெச்சுடுச்சு. அந்த விஞ்ஞானியே கற்பனைப் பாத்திரம், பல விஞ்ஞானிகளைச் சேத்து ஒண்ணா எழுதினது. பாக்குறவங்களுக்கு அது எங்க தெரியப்போகுது?

அந்த பிளாஸ்டிக் திரையும் அப்படித்தான். கட்டிலைச் சுத்தித் திரை, கிட்ட போகாதேன்னு நர்ஸ் கத்துறாங்க. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? நோயாளிகிட்டேருந்து நமக்கு ஏதோ பரவும்னு. நிஜம் தலைகீழ். வெள்ளணு இல்லாத நோயாளிக்கு நம்ம மேல இருக்கிற சாதாரணக் கிருமியே எமன். நம்மகிட்டேருந்து அவரைக் காப்பாத்துறதுக்குத்தான் திரை. அந்த ஆஸ்பத்திரியில நேரடியா வேலை பாத்த அமெரிக்க டாக்டர் ராபர்ட் கேல் இந்த ரெண்டு விஷயத்தையும் சீரிஸ் வந்தப்பவே கண்டிச்சு எழுதினார்.

'சீரிஸ்தானே டாக்டர், விடுங்க'ன்னு சொல்வீங்க. நானும் விட்டிருப்பேன், அந்த அம்மா வரலைன்னா. (அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்தியிருக்கேன்.)

ஐம்பது வயசு தாண்டின அம்மா. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ரேடியோதெரபி ஓடிக்கிட்டு இருந்தது. நம்ம ஜனங்க பாஷையில 'கரண்ட் வைக்கிறது'. 25 தடவை, திங்கள்லேருந்து வெள்ளி, தினமும் பஸ்ல போய் வரணும். எங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கு அவங்க வந்தது வயித்துப்போக்குன்னு. அடிவயித்துல கதிர் வைக்கும்போது குடல் கோவிச்சுக்கிறது சகஜம். மருந்து எழுதிட்டு ஃபைலைப் பாத்தேன். 14 டிக் இருக்கு. அப்புறம் அஞ்சு நாள் காலி.

"ஏம்மா, அஞ்சு நாளா போகலையே? வயித்தால போறதுனாலயா?"

"அதில்லங்க சார். வீட்ல மருமவ மாசமா இருக்கா. அஞ்சாம் மாசம். எம் மேல இருக்கிற கரண்ட்டு அந்தப் புள்ளைய அடிச்சிருச்சுன்னா?"

மெதுவா விசாரிச்சா, அவங்க ரெண்டு வாரமா வீட்டுக்குள்ளயே படுக்கல. மாட்டுக் கொட்டாய் பக்கத்துல சாய்ப்புல கட்டில் போட்டுக்கிட்டாங்க. தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் வெளிய போன்னு சொல்லல. மருமக பேச்சு குறைஞ்சதை இவங்களே கவனிச்சுட்டு, இவங்களே ஒதுங்கிட்டாங்க. அப்புறம் இவங்களே கரண்ட்டையும் நிறுத்திட்டாங்க. "எனக்கு வயசாச்சு சார், வர்ற உசுரு முக்கியம்" அப்படின்னாங்க.

இந்தப் புற்றுநோய்ல மொத்த சிகிச்சையும் 8 வாரத்துக்குள்ள முடிஞ்சாகணும். இழுக்க இழுக்க, அடங்கியிருந்த கட்டி மறுபடி தலைதூக்கும். அஞ்சு நாள் ஏற்கெனவே போச்சு.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் செக்கப் நாள். மருமகளையும் கூட்டிட்டு வாங்கன்னேன். வந்தாங்க. பி.இ. படிச்சவங்க, வீட்டுலேருந்தே கம்பெனி வேலை. ரொம்ப நல்ல பொண்ணு. கொஞ்ச நேரம் தயங்கிட்டு, "சார், தப்பா நினைக்காதீங்க. நான் செர்னோபில் பாத்திருக்கேன். அந்த ஃபயர்மேன் வைஃப், அவங்க பேபி..." சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. "அத்தைகிட்ட நான் எதுவும் சொல்லல சார். ஆனா பயமா இருந்துச்சு."

எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவமே வரல. ஒரு எபிசோடுக்குக் கோடிக்கணக்குல செலவழிச்சு, உலகமே பாராட்டின சீரிஸ்ல, விஞ்ஞானியே சொல்றாங்க. நான் எம்.பி.பி.எஸ். டாக்டர், ஓ.பி. சீட்டோட உக்காந்திருக்கேன். யாரை நம்பும்?

நான் சொன்னது இதுதான். "வெயில்ல நின்னுட்டு வந்தவங்க கறுத்திருப்பாங்க. அவங்க பக்கத்துல உக்காந்தா நாம கறுத்துடுவோமா?"

"இல்ல."

"சேத்துல விழுந்துட்டு வந்தவங்களைக் கட்டிப்பிடிச்சா?"

"நம்ம மேலயும் ஒட்டும்."

"குளிச்சு, துணி மாத்திட்டு வந்தா?"

"ஒட்டாது."

"அத்தைக்கு வைக்கிறது வெயில். மெஷின் ஆன்ல இருக்கும்போது கதிர் பாயுது, ஆஃப் பண்ணா தீந்துபோச்சு. உடம்புல ஒண்ணும் தங்காது. அந்த ஃபயர்மேன் மேல இருந்தது சேறு, கதிர் வீசுற தூசி. அதனாலதான் அவர் துணியைத் தொட்ட நர்ஸுக்குக் கூட கை சிவந்துச்சு. துணியைக் கழட்டினாலே வெளிய ஒட்டினதுல பெரும்பங்கு போயிடும், மிச்சத்துக்கு சோப்பும் தண்ணியும்."

அப்புறம் அந்த சீரிஸ் எங்க எடுத்ததுன்னும் சொன்னேன். லிதுவேனியா, ஜன்னல், இக்னலினா எல்லாம். "அப்ப அந்த ஊரே அது இல்லையா சார்?"னு முதல் தடவையா சிரிச்சாங்க. ஆனா அதோட விட்டுடக் கூடாதுன்னு உடனே சேத்துச் சொன்னேன். ஊர் வேறங்கிறதால கதை பொய்னு ஆகிடாது. அந்தச் சுவரும் அந்த உலையும் நிஜத்துக்கு ரொம்பப் பக்கம். அந்தக் குழந்தையைப் பத்தின வசனம்தான் ரொம்ப தூரம். அங்க எடுத்திருந்தாலும் அந்த வசனம் தப்புதான்.

மெடிக்கல் காலேஜுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன், மறுநாளே வரச் சொன்னாங்க. விட்டுப்போன நாளைச் சரிக்கட்ட அவங்களே அட்டவணையை மாத்திக் கொடுத்தாங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான் வீட்டுக்குப் போனாங்க.

இந்தப் பயம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்ல. செர்னோபில் வெடிச்சப்போ கிரீஸ் நாட்டுக்கு வந்து சேந்த கதிர்வீச்சு ரொம்பக் கம்மி. கருவுக்கு ஊனம் வர்ற அளவுக்கெல்லாம் கிட்டவே இல்ல. ஆனா அங்க டாக்டர்களே குழம்பி, ஜனங்களும் பயந்து, ஆசைப்பட்டுச் சுமந்த சுமார் 2,500 கர்ப்பங்கள் கலைக்கப்பட்டன. 1987ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அந்தக் கணக்கு வந்தது. கதிர்வீச்சு நோயால 1986ல செத்த 28 பேர் பேர் தெரியும், சிலை இருக்கு. இந்த 2,500ஐ எந்த சீரிஸும் எடுக்கல.

எங்க ஓ.பி.யிலயும் வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் வருவாங்க. நாள் தள்ளிப்போனது தெரியாம நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டோம், கலைச்சிடலாமான்னு. நெஞ்சு எக்ஸ்ரேயில கருவுக்குப் போறது 0.01 மில்லிகிரேக்கும் கீழ. குறைபாடு பத்தி யோசிக்கவே 50 மில்லிகிரேக்கு மேல போகணும். அதுக்காகக் கர்ப்பத்தைக் கலைக்கவே வேண்டாம். வயித்துல சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தா கூட டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டிக் கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் பேசணும், நீங்களா முடிவெடுக்காதீங்க.

விதிவிலக்கும் சொல்லிடறேன், இல்லன்னா கமெண்ட்ல சண்டைக்கு வருவீங்க. தைராய்டு புற்றுநோய்க்கு கதிரியக்க அயோடின் வாயில கொடுப்பாங்க. அது உடம்புக்குள்ள தங்குற வகை. ஆஸ்பத்திரியில தனி ரூம், வீட்டுக்கு வந்தும் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் கர்ப்பிணிகள், குழந்தைங்ககிட்டேருந்து தள்ளி இருக்கணும். அதைக் கண்டிப்பா கடைப்பிடிங்க. கர்ப்பப்பை வாய்க்கு 'உள்ள வைக்கிற கரண்ட்' அப்படி இல்ல. இங்க வழக்கமா பண்ற முறையில கதிர்மணி மெஷின்லேருந்து குழாய் வழியா உள்ள போய், சில நிமிஷத்துல மெஷினுக்கே திரும்பிடும். வீட்டுக்கு வரும்போது உடம்புல எதுவும் இருக்காது. உங்களுக்கு எந்த வகைன்னு சந்தேகம்னா அந்த வார்டு டாக்டரையே கேளுங்க: "சார், வீட்டுக்குப் போனா தள்ளி இருக்கணுமா?" இந்த ஒரு கேள்வி போதும்.

சீரிஸைப் பாக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். தாராளமா பாருங்க, அவ்வளவு நல்ல சீரிஸ். மின்நிலையம் வரும்போது அது இக்னலினான்னு வீட்ல சொல்லிக் காட்டுங்க, மதிப்பு கூடும். நாலாவது எபிசோடு கடைசி சீன் வந்தா மட்டும் பக்கத்துல இருக்கிற கர்ப்பிணிகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க.

அந்த அம்மா 25ம் முடிச்சு, உள்ள வைக்கிறதும் முடிச்சுட்டாங்க. ஃபாலோ அப்ல இருக்காங்க. மருமகளுக்கு எங்க ஆஸ்பத்திரியிலயேதான் பிரசவம். பொண்ணு, 2.8 கிலோ. டிஸ்சார்ஜ் அன்னிக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போனது மாமியார்தான்.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. நாளைக்கு நைட் டூட்டி, பதில் வர லேட்டாகும்.